தம்பி வலி மாத்திரையை ஊசியில் ஏற்றுகிறான்: ஏன், இனி என்ன?

"என் தம்பிக்கு 20 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு குடோனில் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று போன வாரம்தான் தெரிந்தது. அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டு. தம்பி சிகரெட்கூடப் பிடிக்காத பையன். ஏன் இப்படி ஆனான்? உடம்பு என்ன ஆகும்? ஆறு மாதம் எங்காவது அடைத்து வைத்தால் சரியாகிவிடுமா?" இதுதான் நீங்கள் கேட்டது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் இந்த வாரமே முடிவெடுத்துவிடக்கூடும். அடைத்து வைத்தால் மட்டும் சரியாகாது. அடைத்து வைத்து, அப்புறம் எந்த மருந்தும் தொடர்சிகிச்சையும் இல்லாமல் வெளியே விட்டால் இப்போது இருப்பதைவிட ஆபத்து அதிகம். காரணத்தைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். அதுவரை எங்கும் பணம் கட்டிவிட வேண்டாம்.

போதை மீட்புப் பிரிவில் ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் குடும்பங்கள் எல்லாமே "ஏன் ஆரம்பித்தான்" என்றுதான் கேட்கின்றன. நியாயமான கேள்வி. ஆனால் ஒருவர் ஆரம்பித்ததற்கான காரணம் வேறு, அவரால் நிறுத்த முடியாமல் போனதற்கான காரணம் வேறு. முதல் காரணத்தையே தோண்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் இரண்டாவதற்கான வைத்தியம் தாமதமாகிறது.

ஆரம்பத்தைப் பார்ப்போம். நம் ஊரில் இப்போது இப்படிப் பயன்படும் மாத்திரைகளில் முக்கியமானது டேபென்டடால். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கடுமையான நரம்பு வலிக்கும் கொடுக்கிற மருந்து. மார்ஃபின், ஹெராயின் வேலை செய்யும் அதே இடத்தில் மூளையில் வேலை செய்யும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. இதற்கு முன் அந்த இடத்தில் டிரமடால் என்ற இன்னொரு ஓபியாய்டு வலி மாத்திரை இருந்தது. 2018-ல் டிரமடாலை மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அது கிடைப்பது கஷ்டமானதும் விற்பவர்கள் பக்கத்து மாத்திரைக்கு மாறிவிட்டார்கள். வெளி மாநிலங்களிலிருந்து ரயிலிலும் கூரியரிலும் அட்டை அட்டையாக வருகிறது, இங்கே ஒற்றை மாத்திரையாகப் பல மடங்கு விலைக்குப் போகிறது. ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். இங்கிருந்து டேபென்டடாலும் தசை தளர்த்தும் காரிசோபுரோடாலும் சேர்த்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தெருக்களுக்குப் போவது அம்பலமாகி, 2025 பிப்ரவரியில் அந்தக் கலவையின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது.

கிடைப்பது என்பது சின்னக் காரணம் இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. அதன்படி 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 2 சதவீதம் பேர், அதாவது 2 கோடிக்கு மேல், ஏதோ ஒரு ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். அதில் சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 77 லட்சம். அபினைவிட, மருந்தாகத் தயாராகும் ஓபியாய்டுகளைப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். "மாத்திரைதானே, கஞ்சா இல்லையே" என்ற எண்ணமும் பையன்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. வாடை வராது, கண் சிவக்காது, வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உங்கள் தம்பி சிகரெட் பிடிக்காததால்தான் நீங்கள் சந்தேகப்படவே இல்லை, பாருங்கள்.

அப்புறம் வேலை. லோடு வேலைக்கு முதன்முதலாகப் போகும் 19, 20 வயதுப் பையனுக்கு இடுப்பும் தோளும் ராத்திரி தூங்க விடாது. கூட வேலை பார்ப்பவன் ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவான், காசு வாங்க மாட்டான். வலி போய்விடும். கூடவே மனசில் இருந்த பாரமும் போய்விடும். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காதது, அப்பா ராத்திரி போடும் சத்தம், கையில் காசில்லாதது எல்லாமே கொஞ்ச நேரத்துக்குத் தொலைவில் போய்விடும். அந்த இரண்டாவது நிவாரணம்தான் அவனைத் திரும்ப அழைக்கிறது. ஊசிக்குப் போவது பெரும்பாலும் சில மாதம் கழித்து, விழுங்கினால் முன்புபோல் ஏறவில்லை என்று ஆன பிறகு, குழுவில் ஒருவன் காட்டிக்கொடுக்க.

அப்பாவின் குடியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததையும் சொல்ல வேண்டும். அடிமையாகும் தன்மையில் ஏறக்குறைய பாதி பரம்பரை வழியாக வருவதாக இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அப்பா குடித்தால் பிள்ளை போதைக்குப் போயே தீருவான் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரே மாத்திரையை நாலு பேர் போட்டால் நாலு பேருக்கும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்ளாது, அவ்வளவுதான். வயதும் சேர்ந்துகொள்கிறது. "வேண்டாம், நிறுத்து" என்று சொல்கிற மூளையின் முன்பகுதி முழுதாக வளர 25 வயது வரை ஆகிறது. வீட்டில் சண்டை, சின்ன வயதில் பட்ட அடி, யாரும் கவனிக்காத மனச்சோர்வு, பதற்றம் இவையெல்லாம் நான் பார்க்கும் கேஸ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

சூழ்நிலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. 1971-ல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகி இருந்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பயம், சலிப்பு, கூட்டாளிகள், மலிவான சரக்கு எல்லாமே அங்கேயே தங்கிவிட்டன. உங்கள் தம்பிக்கு இந்த வசதி இல்லை. சிகிச்சை முடிந்து அவர் திரும்பி வரப்போவது அதே தெருவுக்கு, அதே குடோனுக்கு. அதனால் அவர் விஷயத்தில் வேலையையும் நண்பர் வட்டத்தையும் மாற்றுவதை மருந்துக்கு அடுத்த சிகிச்சையாகவே நினைக்க வேண்டும்.

இனி, ஏன் நிறுத்த முடியவில்லை என்பது. வலியைக் குறைக்கவும் நிம்மதி தரவும் நம் மூளையே எண்டார்ஃபின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது மூளையில் போய் ஒட்டும் இடத்தை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அதே பூட்டில் போய் உட்காருகிறது, ஆனால் பல மடங்கு பலமாக. தினமும் வெளியிலிருந்து இவ்வளவு வந்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது, பூட்டுகளின் உணர்வும் மங்குகிறது. அதனால் ஒன்று போதவில்லை, மூன்று வேண்டும். அப்புறம் ஐந்து. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தப் பையனுக்குச் சந்தோஷமே வருவதில்லை. போடாவிட்டால் வரும் அவஸ்தையைத் தள்ளிப்போடத்தான் போடுகிறான். அவர்கள் பாஷையில் "உடம்பு கேட்குது" என்பார்கள்.

அந்த அவஸ்தை எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொண்டால் தம்பி மேல் உள்ள கோபம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். நிறுத்திய ஒரு நாளுக்குள் கொட்டாவி கொட்டாவியாக வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். வார்டில் அப்படி ஒரு பையனைப் பார்த்தால் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான், இரண்டு நிமிடத்தில் வேர்த்துக் கொட்டி அதை உதைத்துத் தள்ளுவான். கையிலும் தொடையிலும் மயிர் குத்திட்டு நிற்கும். கால் எலும்புக்குள் யாரோ குடைவதுபோல் இருக்கிறது என்று சுவரில் காலை அடித்துக்கொள்வான். வயிற்றுப்போக்கு, வாந்தி, அம்மா கொண்டுவந்த கஞ்சி இரண்டு கரண்டி உள்ளே போகாது. நாலு நாள் கண்மூட முடியாது. இத்தனையும் ஒரே ஒரு மாத்திரையில் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். இந்த நிலையில் "மனசு வைத்தால் விடலாம்" என்று அறிவுரை சொல்வது அநியாயம்.

உடல் வேதனை ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும். மனசு கேட்பது தணியாது. எதிலும் ருசி இல்லாத, தூக்கம் சரியாக வராத, வெறுமையான மாதங்கள் அதற்குப் பின்னால் வரும். மெடிக்கல் ஷாப் போர்டு, சலைன் பாட்டில், பழைய நண்பனின் ரிங்டோன் என்று ஏதாவது ஒன்று கண்ணிலோ காதிலோ பட்டால் போதும், ஆசை அப்படியே எழும்பும். இது பலவீனமான குணம் இல்லை, மூளை கற்றுக்கொண்ட பழக்கம்.

உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். உயிரை எடுப்பது மூச்சு. ஓபியாய்டு அளவு மீறும்போது மூச்சு விடு என்று கட்டளை கொடுக்கும் மூளைப் பகுதி மந்தமாகிவிடும். சாராயமோ, நைட்ரசெபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் சாதாரண அளவே போதும். டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு வலிப்பையும் வரவழைக்கும். நள்ளிரவில் அவர் வழக்கத்துக்கு மாறாகக் கரகரவென்று குறட்டை விட்டு, தட்டியும் எழாமல், உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனை போல் சிறுத்திருந்தால் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன போட்டிருக்கிறார் என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து இருக்கிறது. நேரத்தில் ஏற்றினால் சில நிமிடத்தில் மூச்சு திரும்பும்.

ஊசி தரும் கேடு தனி. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு டால்க், செல்லுலோஸ், மாவுப்பொருள் எல்லாம் இருக்கும். எவ்வளவு கரைத்தாலும் அவை முழுதாகக் கரையாது. நரம்பில் ஏறினால் நுண்துகள்களாகப் போய் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்ளும். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கறுத்துப்போகும். அது மூடிய பிறகு புறங்கை, கால், இடுப்பு மடிப்பு என்று இடம் தேடுவார்கள். சீழ்க்கட்டி வரும், ரத்தம் உறைந்து கால் வீங்கும். சுத்தமில்லாத ஊசியில் ஏறும் கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் காய்ச்சல் விடாது. மருந்தால் அடங்காவிட்டால் வால்வு அறுவை சிகிச்சை வரை போகும். குளிரோடு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் கடையில் பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஒரே சிரிஞ்சை இரண்டு பேர் பயன்படுத்தியிருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். ஊசி மட்டும் இல்லை, கரைத்த மூடியையோ தண்ணீரையோ பகிர்ந்தாலும் ஹெபடைடிஸ் சி ஒட்டும். பயந்துபோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஹெபடைடிஸ் சி இன்று பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் அந்த மருந்து இலவசம். ஹெபடைடிஸ் பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். எச்.ஐ.வி. இருந்தாலும் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் முழு ஆயுள் வாழலாம்.

மற்றவை மெதுவாக வரும். தீராத மலச்சிக்கல், பல் சொத்தை, எடை குறைவு, ஆண் ஹார்மோன் குறைந்து உடலுறவில் நாட்டமின்மை. இவற்றில் பெரும்பாலானவை நிறுத்திய பின் தேறும்.

வீட்டுக்கு வரும் கேடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மா பையனைக் காப்பாற்றுவதற்காக அப்பாவிடம் மறைப்பார், அக்கா தன் மோதிரத்தை அடகு வைப்பார், சொந்தக்காரர்களின் கல்யாணத்துக்குப் போவது நின்றுபோகும். நான் கவலைப்படுவது என்னவென்றால், இந்த மறைப்பு பல வீடுகளில் மூன்று வருடம், நாலு வருடம் ஓடுகிறது. நீங்கள் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டீர்கள். அது பெரிய விஷயம்.

இப்போது அடைத்து வைப்பதற்கு வருகிறேன். தினமும் ஐந்து மாத்திரை தாங்கிய உடம்பு, சில வாரம் போடாமல் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்த முதல் சில வாரத்தில், பழைய கணக்கை மனதில் வைத்து அதே ஐந்தை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து விடுதலையானவர்களிடமும் மருந்தில்லாத மறுவாழ்வு மையங்களிலிருந்து வந்தவர்களிடமும் பல நாடுகளில் இதே சாவு திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. "திருந்தித்தானே வந்தான், எப்படிச் செத்தான்" என்று கேட்டு அழும் தாய்மார்களுக்குப் பதில் இதுதான். ஆறு மாதம் அடைத்து வைப்பதில் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் குலைப்பது இதற்காகவே.

சில தனியார் மையங்களில் அடி, பட்டினி, சங்கிலி எல்லாம் இன்னும் நடக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை நாம் மறந்துவிட முடியாது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. போதை அடிமைத்தனமும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. எந்த மையத்துக்குப் போனாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், நீங்கள் நினைத்த நேரத்தில் தம்பியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு அதிகம் ஆகாது. சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். டி.டி.கே. மருத்துவமனையும் உண்டு, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மனநல உதவிக்கு 14416.

மருந்தில் புப்ரநார்பினைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அந்தப் பூட்டில் பாதி அளவுக்கு மட்டும் வேலை செய்து அவஸ்தையையும் ஆசையையும் அடக்கும், மூச்சை நிறுத்தும் அளவுக்குப் போவது அரிது. சிகிச்சையில் இருக்கும்வரை சாகும் அபாயம் பாதிக்கும் கீழே குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா" என்று உங்கள் மாமா, சித்தப்பா யாராவது சொல்வார்கள். சர்க்கரை நோயாளி இன்சுலின் போடுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எத்தனை மாதம், சிலருக்கு எத்தனை வருடம் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்; நீங்களாகச் சீக்கிரம் நிறுத்திவிடாதீர்கள். பழைய மாத்திரை உடம்பில் இருக்கும்போது இதை ஆரம்பித்தால் அவஸ்தை திடீரென்று கூடும், அதனால் கடைசியாக எப்போது போட்டார் என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டும். நால்ட்ரெக்ஸோன் என்று இன்னொன்று இருக்கிறது. அது முழுதாக நிறுத்தியவர்களுக்கு.

போலீஸ் பயம் உங்கள் வீட்டில் இருக்கும். 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெற்று அதை முடிக்கும் அடிமையானவருக்கு, பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. ஆஸ்பத்திரி என்பது மாட்டிக்கொள்ளும் இடம் இல்லை என்று தம்பியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு நடுவில் அவர் ஒருமுறை திரும்பப் போட்டுவிடக்கூடும். பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. அன்று வீட்டைவிட்டுத் துரத்தினால் அவர் ஒளிந்து, தனியாகப் போடுவார். தனியாகப் போடும்போதுதான் காப்பாற்ற ஆள் இருக்காது. மறுநாள் காலை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கும். பணம் கையில் கொடுக்க வேண்டாம், சம்பளத்தை அம்மா கணக்கில் போடச் சொல்லலாம். அவர் வாங்கிய கடனை அடைப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். சாப்பாடு, போக்குவரத்து, மருந்துச் செலவு இவற்றை நீங்களே நேரடியாகச் செய்யுங்கள். முடிந்தால் அப்பாவையும் அதே ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள். ஒரே வீட்டில் ஒருவர் ராத்திரி குடித்துவிட்டு வர, இன்னொருவர் மீண்டு வருவது ரொம்பக் கடினம்.

முதல் நாள் போகும்போது வீட்டில் கிடைத்த காலி அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும். வழியில் எதற்காகவும் திட்டாதீர்கள். டாக்டர் அறைக்குள் முதலில் அவர் மட்டும் தனியாகப் போகட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். அக்காவான உங்கள் முன்னால் சொல்ல முடியாதது நிறைய இருக்கும்.